எந்த விலங்கின் இதயம்?

தும்மல், மூக்கில் நீர், தோலில் தடிப்பு. உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இவைதான். ஆனால் அது இதயத்துடிப்பிலும் கைவைக்கும். எப்படி என்று மருந்தியல் படித்தவரிடம் கேட்டால், எந்த விலங்கைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பார்.

கினிப்பன்றியை எடுத்துக்கொள்வோம். அதன் இதயத்தின் வலது மேலறையைப் பிரித்தெடுத்து, ஆக்சிஜன் ஊட்டிய வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டால் அது தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். துளி ஹிஸ்டமின் விட்டால் துடிப்பு விரைவாகிறது. கீழறைத் தசையோ முன்பைவிட வலுவாகச் சுருங்குகிறது. இவ்விரண்டும், ஹிஸ்டமின் வந்து ஒட்டும் எச்2 என்ற ஏற்பியின் வேலை. அதே இதயத்தில் எச்1 என்ற மற்றோர் ஏற்பி வழியாக, மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்தூண்டலை அதே ஹிஸ்டமின் தாமதப்படுத்தவும் செய்கிறது.

இந்தத் துடிப்பு வேகத்தை, எச்1 ஏற்பியைத் தடுக்கும் பழைய ஒவ்வாமை மருந்துகளால் தடுக்க முடியவில்லை. ஹிஸ்டமின் வயிற்றில் அமிலம் சுரக்கச் செய்வதையும் அவற்றால் தடுக்க முடியவில்லை. அப்படியானால் இன்னொரு ஏற்பி இருக்க வேண்டும் என்று தேடியவர் பிரிட்டனின் ஜேம்ஸ் பிளாக். 1972-இல் அவர் குழு எச்2 ஏற்பியை வரையறுத்தது. கினிப்பன்றியின் மேலறை அதற்கு ஒரு முக்கியச் சோதனைக் களம். அந்தத் தேடலிலிருந்து பிறந்த சிமெடிடின் என்ற எச்2 தடுப்பு மருந்து, 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்து, வயிற்றுப்புண்ணுக்காகக் கத்தி வைக்கும் நிலையிலிருந்து எண்ணற்றவர்களைக் காத்தது. 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் பிளாக்கும் ஒருவர்.

அவர்கள் எலியின் இதயத்தை மட்டும் நம்பியிருந்தால்? எலியின் இதயத்தசை ஹிஸ்டமினுக்கு நேரடியாக அசைந்து கொடுப்பது அரிது. சுண்டெலியிலும் ஏறக்குறைய அதே கதை. ஜெர்மனியின் ஹாலே நகர ஆய்வாளர்கள் மனித எச்2 ஏற்பியைச் சுண்டெலியின் இதயத்தில் மரபணு மாற்றத்தால் புகுத்திய பிறகுதான் அது ஹிஸ்டமினுக்கு வலுவாகச் சுருங்கியது. மனித இதயத்தில் அந்த ஏற்பி இயல்பாகவே உண்டு. இந்த ஒரு விஷயத்தில் நமக்கு நெருங்கிய உறவு கினிப்பன்றிதான்.

விலங்கு மாறினால் விடையும் மாறுகிறது. ஆனால் இதயத்துக்கு இது நல்லது, அது கெட்டது என்று நாள்தோறும் வரும் ஆய்வுச் செய்திகளில் பல, விலங்கின் பெயரைக் கடைசிப் பத்தியில் ஒளித்துவைக்கின்றன. சில சொல்வதே இல்லை. இது சிறு குறையன்று. அந்தச் செய்திகளை நம்பி மாத்திரையை நிறுத்துபவரும் உண்டு, புதிதாக வாங்கி விழுங்குபவரும் உண்டு.

இந்தியாவில் விலங்குச் சோதனைக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்திலேயே, குறிப்பிட்ட அந்த விலங்கினம் ஏன் தேவை என்று ஆய்வாளர் காரணம் எழுத வேண்டும். உயிர்கள் வீணாகக் கூடாது என்பதற்கான கேள்வி அது. ஆய்வாளர் எழுதித் தரும் அந்த விவரத்தை வாசகருக்கும் தர வேண்டும், அதுவும் செய்தியின் முதல் பத்தியிலேயே.