கணக்கு யார் கையில்?

இரும்பையைச் சுற்றியுள்ள செம்மண் பூமி பாழானதற்குக் கடுவெளிச் சித்தர் கோபித்து இட்ட சாபமே காரணம் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகின்றது. மரத்தை வெட்டினால் மழைத் தண்ணீர் மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகும் என்பது கதைக்காரர்களுக்கு வேண்டாத சங்கதி. 1968-க்குப் பிறகு பக்கத்து ஆரோவில்லில் வரப்புப் போட்டு மரம் நட்டார்கள்; பூமி பச்சையாயிற்று.

மண்ணுக்குச் சாபம் சொன்னதுபோலவே மனிதனின் தரித்திரத்துக்குத் தலையெழுத்தைச் சொல்லுகின்றார்கள். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகின்றவனுக்கு வருஷத்தில் எத்தனை நாள் கூலி, வேலையில்லாத மழைக்காலத்தில் யாரிடம் எவ்வளவு கடன், அவன் பிள்ளை எந்த வகுப்போடு நின்றான் என்று கணக்கெடுத்தால் தலையெழுத்தின் யோக்கியதை வெளியாகிவிடும். இந்த வித்தை சமூக சாஸ்திரத்தைச் சேர்ந்தது.

இது நமக்குப் புதிதுமல்ல. சென்னை சர்வகலாசாலைப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணாக்கர்களைக் கொண்டு கிராமங்களின் நிலம், கூலி, கடன் ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். 1918-ல் அது புத்தகமாயிற்று. அதிலுள்ள ஊர்களில் ஒன்று நமது விழுப்புரம் ஜில்லாவின் இருவேல்பட்டு. அவ்வூரை 1981-லும் 2008-லும் மறுபடியும் ஆராய்ந்தார்கள்.

இன்று அவ்வேலைக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். ஆனால் பல காலேஜ்களில் கம்ப்யூட்டர் அறை விஞ்ஞானம், வர்த்தகம் படிப்பவர்களுக்கு. சரித்திரமும் பொருளாதாரமும் படிக்க வந்தவனுக்கோ ஒரு பெஞ்சும், உபாத்தியாயர் சொல்லச்சொல்ல எழுதும் நோட்டும்! அந்தப் பெஞ்சில் இருப்பவன் யார்? வீட்டிலேயே முதல்முதலாகக் காலேஜ் படியேறிய உழவன் பிள்ளையும் உப்பளக்காரன் பிள்ளையுந்தானே? 2011 முதல் சர்க்கார் இனாமாகக் கொடுத்த மடிக்கணினியில் பிள்ளைகள் சினிமா பார்த்தார்கள் என்று பரிகாசம் செய்யும் கனவான்களைக் கேட்கின்றோம்: அதில் கணக்குப் போட அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? சொல்லிக் கொடுக்க உபாத்தியாயருக்குப் பயிற்சி அளித்தது யார்?

பணமில்லை என்ற சாக்கும் செல்லாது. புள்ளிவிவரங்களை ஆராயும் 'ஆர்' என்ற மென்பொருள் இனாம். மத்திய சர்க்காரின் மாதிரிக் கணக்கெடுப்பு விவரங்களும் இனாம். வேண்டியதெல்லாம் ஓர் அறை, மின்சாரம், கருவிகள், பயிற்சி பெற்ற உபாத்தியாயர், வருஷத்தில் சில வாரம் கிராமத்தில் கணக்கெடுக்கும் வேலை.

இது வெறும் படிப்புச் சங்கதி என்று யாரும் இருந்துவிட வேண்டாம். 1931-க்குப் பிறகு எல்லா ஜாதிகளின் கணக்கும் எந்தச் சென்சஸிலும் வெளிவரவில்லை. வன்னியருக்கு 10.5 சதவிகிதம் ஒதுக்கிய சட்டத்தை 2022 மார்ச் 31-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளியபோது, தற்காலத்தியப் புள்ளிவிவரம் இல்லாததையும் ஒரு காரணமாகச் சொல்லிற்று. கணக்கில்லாதவன் உரிமை கோர்ட்டு வாசலிலேயே நின்றுவிடுகின்றது!

அடுத்த சென்சஸில் ஜாதிக் கணக்கும் எடுப்பதென்று மத்திய சர்க்கார் 2025-ல் தீர்மானித்தது. எடுத்த கணக்குக்கு அர்த்தம் சொல்லப் போவது யார்? நம் பிள்ளைகளுக்கு அவ்வித்தை தெரியாவிட்டால், முன்பு சாஸ்திரத்துக்கு அர்த்தம் சொன்ன கூட்டமே இனிப் புள்ளிவிவரத்துக்கும் அர்த்தம் சொல்லும். ஆகவே தோழர்களே, உங்கள் பிள்ளை படிக்கும் காலேஜுக்குப் போய், சமூக சாஸ்திர வகுப்புக்குக் கம்ப்யூட்டர் எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.