பழைய ஏழு சீட் வண்டி: எந்த வருஷ மாடல் எடுக்கலாம்?

"2012 இன்னோவா ஒண்ணு வருது, 2015 ஸ்கார்ப்பியோ ஒண்ணு வருது. விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதை எடுக்கலாம்?"

மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். எல்லாம் நம்ம ஆட்கள்தான். மாதாப்பூர், கொண்டாப்பூர், மியாப்பூர் பக்கம் பொட்டி தட்டிக்கொண்டு, பொங்கலுக்கும் கோடை லீவுக்கும் ஹைதராபாத்தில் இருந்து ஊருக்கு வண்டி கட்டும் ஜனம். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். ஆறு பேருக்கு பிளேன் டிக்கெட் போட்டால் அந்த மாசச் சம்பளத்தில் துண்டு விழும். அப்பா அம்மாவையும் கூட்டிப் போகணும். ஆக, ஏழு சீட் வண்டி. புதுசுக்கு பட்ஜெட் இடிக்கும். ஆக, செகண்ட் ஹேண்ட்.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியே பாதிதான் சரி என்பது என் கருத்து. எந்த வருஷ மாடல் என்று கேட்பதை விட, அந்த வருஷத்தில் என்ன மாறியது என்று கேட்க வேண்டும். 2012-ஐ விட 2015 பெரிய எண், அவ்வளவுதான். வண்டியும் மேல் என்று அர்த்தமில்லை.

முதலில் புகை விஷயம். பி.எஸ் 4 விதி 2010 ஏப்ரலில் நாட்டில் 13 நகரங்களில் மட்டும் வந்தது. ஹைதராபாத், சென்னை இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரல் 1-ல்தான். இதனால் என்ன ஆகிறது? 2011-ல் ஹைதராபாத்தில் பதிவான வண்டி பி.எஸ் 4 ஆக இருக்கும். 2014-ல் ஏதோ வெளி மாவட்டத்தில் பதிவான வண்டி பி.எஸ் 3 ஆக இருக்கலாம். மூணு வருஷம் புதுசு, ஆனால் புகையில் ஒரு படி பழசு! டெல்லியில் பழைய வண்டிகள் படும் பாட்டைப் பார்க்கிறோம். நாளைக்கு இங்கேயும் அப்படி ஏதாவது விதி வந்தால் முதலில் அடிபடப் போவது இந்த பி.எஸ் 3 வண்டிதான். பேப்பரில் எது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

சரி, பி.எஸ் 6 வந்த 2020-க்கு அப்புறம் உள்ளதையே வாங்கிவிடலாமே என்பீர்கள். பட்ஜெட் இருந்தால் தாராளமாக. ஆனால் பி.எஸ் 6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது ஹைவேயில் கொஞ்ச தூரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தினம் ஆறு கிலோமீட்டர் ஹைடெக் சிட்டி டிராஃபிக்கில் ஊர்ந்து போய் வருபவருக்கு அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

அடுத்தது, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது: பின்னாடி சீட். குவாலிஸ், பழைய சஃபாரி, பொலேரோ, ஸ்கார்ப்பியோ பலவற்றில் கடைசி சீட் எதிரும் புதிருமாகப் பக்கவாட்டில் இருக்கும். நம்ம வீட்டில் அந்த இடம் யாருக்கு? குழந்தைகளுக்கு! பெரும்பாலும் அங்கே பெல்ட் கிடையாது. குழந்தை சீட்டும் மாட்ட முடியாது. என்.எச் 44-ல் கர்னூல் தாண்டி நூறில் போகும்போது சடன் பிரேக் போட்டால் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னோவாவில் 2005-ல் வந்த முதல் வண்டியில் இருந்தே மூணாவது வரிசை முன்னால் பார்த்த சீட். ஸ்கார்ப்பியோவிலும் முன்னால் பார்த்த சீட் உள்ள வண்டி உண்டு, தேடி எடுக்க வேண்டும்.

ஏர்பேக் கதையும் இதே மாதிரி. பழைய வண்டிகளில் ஏர்பேக் இருக்கிறதா இல்லையா என்பது வருஷத்தில் இல்லை, வேரியன்ட்டில் இருக்கிறது. 2016-ல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோவை மோதிப் பார்த்து பூஜ்யம் ஸ்டார் கொடுத்தது. அதே வருஷம் வந்த இன்னோவா கிரிஸ்டாவில் அடி வேரியன்ட்டிலேயே மூணு ஏர்பேக். சட்டப்படி எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆனது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில். பக்கத்து சீட் ஏர்பேக் அதற்கும் பிறகு. ஆக 2018 மாடல் என்று சொல்லி விற்கும் வண்டியில் ஒரு ஏர்பேக் கூட இல்லாமல் இருக்கலாம். "ஃபுல் ஆப்ஷன் சார்" என்பார்கள். ஸ்டீயரிங்கில் எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

இனி நம்ம ஹைதராபாத் விசேஷங்கள்:

1. நம்பர் பிளேட்: ஏபி 09-ல் இருந்து 13 வரை, ஏபி 28, 29 என்றால் இந்த ஊர் வண்டி, 2014 ஜூனுக்கு முன் பதிவானது. அப்புறம் டிஎஸ். 2024 மார்ச்சில் இருந்து டிஜி. விற்பவர் சொல்லும் வருஷம் இதோடு ஒத்துப் போகிறதா பாருங்கள். ஆர்சியில் தயாரித்த மாதமும் பதிவான தேதியும் தனித்தனியாக இருக்கும். விலை பேச வேண்டியது தயாரித்த மாதத்தை வைத்து.

2. டெல்லி வண்டி: 2018-ல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று உறுதி செய்தது. 2025-லும் அந்த வழக்கு திரும்பத் திரும்ப வந்தது. அங்கே ஓட முடியாதது பளபளவென்று இங்கே வந்து நிற்கிறது. "பண்டி சூப்பர் கண்டிஷன் சார்!" இருக்கலாம். ஆனால் என்.ஓ.சி, இங்கே ஆயுள் வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு பறந்துவிடும்.

3. வெள்ளம்: 2020 அக்டோபரில் ஹைதராபாத் மூழ்கியது. சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும். அதற்கு முன்னால் தயாரான வண்டி என்றால் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துச் சேற்றுக் கறை பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம் கேளுங்கள்.

4. பதினைந்து வருஷம்: 2012-ல் பதிவான வண்டிக்கு 2027-ல் ஆர்சி முடியும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டினால் 10,000 என்று 2025-ல் ஆக்கினார்கள். காசை விட அலைச்சல் பெரிசு.

நம்ம மாதிரி வந்தேறிகள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது: இங்கேயே இருக்கப் போகிறோமா, ஊருக்குத் திரும்பப் போகிறோமா? வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ரெண்டு வருஷத்தில் கோயம்புத்தூர் போகிற எண்ணம் இருந்தால் இங்கே பெரிய விலைக்கு வண்டி எடுக்காதீர்கள். அங்கே போய் மறுபடி வரி கட்டி, இங்கே கட்டியதில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும்.

சரி, 2012 இன்னோவாவா 2015 ஸ்கார்ப்பியோவா? இன்னோவாவில் ஏர்பேக் இருந்து, ஸ்கார்ப்பியோவில் பக்கவாட்டு சீட் என்றால், கண்ணை மூடிக்கொண்டு பழைய இன்னோவா. ஸ்கார்ப்பியோ ஏர்பேக் உள்ள டாப் வேரியன்ட், முன்னால் பார்த்த சீட் என்றால் அதுதான். 2014-ல் சட்டத்தையே புதுசாக மாற்றினார்கள். கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்க்க முடிந்தால் 2017, 2018 கிரிஸ்டா. எதை எடுத்தாலும் டயரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் வயசான டயர் வயசானதுதான். மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

ரெண்டிலும் ஏர்பேக் இல்லையா? ரெண்டும் வேண்டாம். ஏர்பேக் உள்ள ஐந்து சீட் சின்ன கார் ஒன்று எடுங்கள், அப்பா அம்மாவுக்கு இரண்டு மாசம் முன்னாடியே ரயிலில் கீழ் பெர்த் போடுங்கள். ஊரில் "இவ்வளவு சம்பாதிச்சும் சின்ன காரா?" என்று சித்தப்பா கேட்கத்தான் செய்வார். கேட்டுவிட்டுப் போகட்டும். பின்னாடி உட்காரப் போவது அவர் இல்லை, நம்ம பிள்ளைகள்.