ஒரே சோதனையை வைத்துப் பொலிகுதிரைக்கு நற்சான்று வழங்கக் கூடாது: தொற்றும் கருப்பை அழற்சி நோயறிதல் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

இனப்பெருக்கக் குதிரைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர்களின் அமைப்பு என்ற முறையில் எங்கள் நிலைப்பாடு இதுதான்: ஒரு முறை எடுத்த மாதிரியில் கிருமி தென்படவில்லை என்பதற்காக எந்தப் பொலிகுதிரையையும் நோயற்றது என அறிவிக்கக் கூடாது. உரிய இடங்களில், உரிய இடைவெளியில், திரும்பத் திரும்பச் சோதித்த பிறகே அதை இணைசேர்க்கைக்கோ விந்து சேகரிப்புக்கோ அனுமதிக்க வேண்டும்.

பின்னணி

இணைசேர்க்கை வழியே பரவும் தொற்றும் கருப்பை அழற்சி நோய் 1977இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட் பகுதியில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்காவின் கென்டக்கி மாநிலப் பண்ணைகளிலும் தலைகாட்டியது. டெய்லரெல்லா ஈக்விஜெனிட்டாலிஸ் என்ற பாக்டீரியாவே இதற்குக் காரணம். தொற்றிய பெண் குதிரைக்குக் கருப்பை அழன்று சீழ் வடியலாம். சினை பிடிக்காமல் மறுபடியும் பருவத்துக்கு வரலாம். பொலிகுதிரையிடமோ வெளியே தெரியும் அறிகுறி எதுவும் இருக்காது. குறியின் தோல்மடிப்புகளில் கிருமி மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும் தங்கியிருக்கும். அறிகுறியற்ற பெண் குதிரைகளும் கிருமியைச் சுமப்பதுண்டு.

2008 டிசம்பரில் கென்டக்கியில், விந்து ஏற்றுமதிக்கான வழக்கமான சோதனையின்போது ஒரு பொலிகுதிரையிடம் இக்கிருமி அகப்பட்டது. தொடர்ந்து நடந்த விசாரணை 48 மாநிலங்களில் ஏறத்தாழ 1,000 குதிரைகள் வரை நீண்டது. தொற்றிய பொலிகுதிரைகளில் பெரும்பாலானவை, விந்து சேகரிப்புக் கூடங்களில் பொதுவாகப் பயன்பட்ட சாதனங்கள் வழியாகவே கிருமியைப் பெற்றதாகத் தெரியவந்தது. செயற்கைக் கருவூட்டல் தானாகவே பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை நாங்கள் ஏற்காததற்கு இதுவே காரணம்.

ஒரு சோதனை ஏன் போதாது

இக்கிருமி மெதுவாக வளரும். வளர்ப்புத் தட்டை 7 நாட்களாவது கண்காணிக்க வேண்டும். அதற்குள் மாதிரியோடு வந்த வேறு பாக்டீரியாக்கள் பெருகி இதை மறைத்துவிடக்கூடும். மாதிரியைக் கரி கலந்த ஊடகத்தில், குளிர்ச்சி குறையாமல், 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்காவிட்டால் கிருமி மடிந்து, முடிவு பொய்யாகிவிடும். பிற பாக்டீரியாக்களைத் தடுக்க ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்த ஊடகத்தை மட்டும் நம்பினால், அம்மருந்துக்குப் பணியும் டெய்லரெல்லா வகைகள் வளராமலே போகும்.

இரத்தப் பரிசோதனையும் கைகொடுப்பதில்லை. பெண் குதிரையில் தொற்றுக்குப் பின் ஏறத்தாழ 15 முதல் 45 நாட்கள் வரையே அது பயன்படும். நாள்பட்ட சுமப்பிகளைக் காட்டாது. பொலிகுதிரையில் அதற்குப் பயனே இல்லை.

எங்கள் பரிந்துரைகள்

1. பொலிகுதிரையில் சிறுநீர்க்குழாய், அதன் முனையைச் சூழ்ந்த பள்ளம், அங்குள்ள சிறுகுழி, குறியின் உறை ஆகிய ஒவ்வோர் இடத்திலிருந்தும் தனித்தனிப் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுக்க வேண்டும். பெண் குதிரையில் பெண்குறிக் காம்பின் குழியும் அதன் பைகளும் கட்டாயம். பருவத்தில் இருக்கும்போது கருப்பையிலிருந்தும் எடுக்க வேண்டும்.

2. குறைந்தது 7 நாள் இடைவெளியில் இரண்டு முறையாவது மாதிரி எடுக்க வேண்டும். பிரிட்டனின் நடைமுறை விதிகள் இதையே கோருகின்றன.

3. நுண்ணுயிரெதிர் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதோ, நிறுத்திய உடனேயோ மாதிரி எடுக்கக் கூடாது. மருந்து கிருமியை அழிக்காமல் அடக்கி மட்டும் வைத்திருக்கலாம்.

4. பிசிஆர் சோதனையை முழுமனதுடன் வரவேற்கிறோம். அது விரைவானது, பிற பாக்டீரியாக்களின் நெரிசலால் ஏமாறாது, கழுதைகளில் காணப்படும் உறவுக்கிருமியான டெய்லரெல்லா அசினிஜெனிட்டாலிஸிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும். ஆனால் தவறான இடத்தில் எடுத்த மாதிரியை எந்தத் தொழில்நுட்பமும் சரிசெய்யாது.

5. நோயுள்ள நாடுகளிலிருந்து வரும் பொலிகுதிரைகளுக்குச் சோதனைச் சேர்க்கை தேவை. அமெரிக்கா அவற்றை இரண்டு பெண் குதிரைகளுடன் இணைசேர்த்து, பின்னர் அப்பெண் குதிரைகளைச் சோதிக்கிறது.

6. பருவம் அறியப் பயன்படும் ஆண் குதிரைகளுக்கும் இதே விதிகள் பொருந்தும். விந்து சேகரிப்புப் பொம்மையின் உறையையும் பிற சாதனங்களையும் ஒவ்வொரு குதிரைக்குப் பிறகும் மாற்றவோ கிருமிநீக்கம் செய்யவோ வேண்டும்.

எதிர்ப்புக்கு எங்கள் பதில்

இத்தனை சோதனைகள் இணைசேர்க்கைக் காலத்தை விழுங்கிவிடும் என்று பண்ணையாளர்கள் கவலைப்படுகிறார்கள். கவலை நியாயமானது. சினைக்காலம் சுமார் 11 மாதம். வட அரைக்கோளத்தில் பந்தயக் குதிரை இனமான தரோபிரெட்டின் குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1இல் வயது கூடுகிறது. தாமதமாகப் பிறக்கும் குட்டி பந்தயத்தில் பின்தங்கும். சோதனைகளைப் பருவம் தொடங்கும் முன்பே முடிக்க வேண்டும் என்பதற்குத்தான் இது காரணமாகும். சோதனைகளைக் குறைப்பதற்கு அல்ல. தரோபிரெட் இனத்தில் நேரடி இணைசேர்க்கை மட்டுமே பதிவுக்கு ஏற்கப்படுவதால், கவனிக்காமல் விட்ட ஒரு பொலிகுதிரை ஒரே பருவத்தில் பல பண்ணைகளின் பெண் குதிரைகளைக் கெடுத்துவிடும்.

நோய் கண்டால் மறைக்கக் கூடாது. குளோர்ஹெக்சிடின் கொண்டு கழுவி மருந்து பூசுவதால் குணப்படுத்தக்கூடிய நோய் இது. ஆகவே, தகவல் தெரிவிப்போரின் பெயர் கெடாமல் காப்பது அரசின் கடமை. தெரிவிப்பது எங்கள் உறுப்பினர்களின் கடமை.

இனிமேல் எங்கள் உறுப்பினர்கள் வழங்கும் சான்றிதழில் மாதிரி எடுத்த நாட்கள், இடங்கள், சோதனை முறை, ஆய்வகம், கடைசியாக நுண்ணுயிரெதிர் மருந்து கொடுத்த தேதி ஆகிய ஐந்தும் இருக்கும். இவற்றில் ஒன்று விடுபட்ட சான்றிதழை, அது எவ்வளவு புகழ்பெற்ற பொலிகுதிரையுடையதானாலும், பண்ணையாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.