யந்திரத்தின் தீர்ப்புக்கு யார் பொறுப்பு?

செயற்கை நுண்ணறிவு என்னும் யந்திர மூளை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே அதைப் பாடமாக்கப் போவதாக மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. பாடமாகக் கற்பிப்பதை நாம் வரவேற்கிறோம். ஏழைத் தொழிலாளியின் குழந்தைக்கும் புதிய விஞ்ஞானம் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குழந்தையை எடைபோடும் அதிகாரத்தையே யந்திரத்திடம் ஒப்படைத்தால் நிலைமை என்ன ஆகும்?

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 2020-ல் கொரோனாவால் பள்ளி இறுதித் தேர்வுகள் ரத்தாயின. ஆசிரியர்கள் மதிப்பிட்டுக் கொடுத்த தரத்தை ஒரு கணக்குச் சூத்திரம் திருத்தியது. ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது தரங்கள் குறைக்கப்பட்டன! மாணவன் படித்த பள்ளி முந்தைய ஆண்டுகளில் என்ன தேர்ச்சி காட்டியது என்பதையும் அந்தச் சூத்திரம் கணக்கில் சேர்த்தது. பின்தங்கிய பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, தான் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றான். மாணவர்கள் வீதியில் இறங்கிய பிறகு, ஆகஸ்ட் 17-ல் சர்க்கார் பின்வாங்கியது. அது இன்றைய செயற்கை நுண்ணறிவுகூட அல்ல, வெறும் சூத்திரம்தான். அதே அளவுகோலைச் சாத்தூர் வட்டாரக் கிராமப் பள்ளிகளுக்கு வைத்தால், தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் தாயின் மகள் எங்கே நிற்பாள்?

இந்தப் பிரச்னை பள்ளியோடு நிற்கவில்லை. அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுப் பொருளுக்கு, 2025 ஜூலை முதல் முக அடையாளம் கட்டாயம் என்று மத்திய சர்க்கார் விதித்தது. செல்போன் முகத்தை ஏற்க மறுத்தால் குற்றவாளி யார்? வெறுங்கையோடு திரும்பும் தாயா? ஏச்சு வாங்கும் அங்கன்வாடி ஊழியரா?

நெறிமுறைகளுக்குப் பஞ்சமில்லை. தமிழக சர்க்கார் 2020-லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையை வெளியிட்டது. இத்தகைய சாதனங்களைப் பொதுஜன உபயோகத்துக்கு விடுமுன் சோதித்து மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். 2021-ல் யுனெஸ்கோ உலக நாடுகளுக்கு நெறிகளை வகுத்தது. குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணிக்கலாகாது என்கிறது 2023-ன் தனிநபர் தரவுச் சட்டம். ஆனால் 2025-ல் வந்த விதிகளோ, கல்விப் பணி, பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்காகக் கல்வி நிலையங்களுக்கு விலக்கு அளிக்கின்றன. முன்வாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்!

காகித நெறிகளின் மதிப்பு நம் பகுதி மக்களுக்குத் தெரியாததல்ல. தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் குழந்தைகளை ஈடுபடுத்தலாகாது என்று 1938-லேயே சட்டம் வந்தது. ஆயினும் விடியுமுன் குழந்தைகளை ஏற்றிச் சென்ற வண்டிகள் பல பத்தாண்டுகள் ஓடிக்கொண்டே இருந்தன. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட 1996 ஆயிற்று. 58 ஆண்டுகள்! எத்தனை தலைமுறைகளின் படிப்பு பசையோடும் மருந்தோடும் போயிற்று! இந்த அனுபவத்தை மறுபடியும் பெற நாம் தயாராக இல்லை.

ஆகவே நாம் வற்புறுத்துவது:

1. யந்திரத்தின் முடிவை மட்டும் வைத்து மதிப்பெண்ணோ, உதவித்தொகையோ, உணவோ மறுக்கப்படக் கூடாது. ஒவ்வொரு முடிவுக்கும் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் அதிகாரி இருக்க வேண்டும்.

2. பாதிக்கப்பட்டவருக்குக் காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும். குறித்த நாட்களுக்குள் ஒரு மனிதரிடம் மேல்முறையீடு செய்ய உரிமை வேண்டும்.

3. குழந்தைகளின் முகமும் மதிப்பெண்ணும் கம்பெனிகளின் சரக்காகக் கூடாது.

4. யந்திரத்தைக் காட்டி ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக விடக் கூடாது.

5. 2020 கொள்கை சட்டமாக வேண்டும். சோதனை முடிவுகள் பகிரங்கமாக்கப்பட வேண்டும். சோதிக்கும் குழுவில் ஆசிரியர், பெற்றோர், தொழிற்சங்கப் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது. கிராம சபையில் எல்லோருக்கும் வாய் இருக்கிறது. புதிய சாதனம் ஏதேனும் பள்ளிக்கு வந்தால் முதல் கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள்: இது தவறு செய்தால் பதில் சொல்பவர் யார்? பெயரைச் சொல்லும்வரை விடாதீர்கள்!