சிவப்பு உருளை இருந்தால் போதுமா? பிரித்தானியத் தீப் பாதுகாப்புச் சட்டமும் எமது வணிக நிலையங்களும்

பிரித்தானியாவில் எம்மவர் நடத்தும் பலசரக்குக் கடை, உணவகம், பெற்றோல் நிலையம், மண்டபம், ஆலயம் என எதற்குள் நுழைந்தாலும் சுவரோரம் ஒரு சிவப்பு உருளையைக் காணலாம். அவற்றில் பல நீலப் பட்டை கொண்டவை, அதாவது உலர் பவுடர் தீயணைப்பான்கள். அதை யார் தேர்ந்தெடுத்தார், எந்த நெருப்புக்கு அது உதவும், எதற்கு உதவாது என்று விசாரித்தால் தெளிவான பதில் கிடைப்பது அரிது. "கடை எடுக்கும்போதே அது அங்கே இருந்தது" என்பதுதான் வழக்கமான விளக்கம். இந்த விளக்கம் இன்றைய சட்டத்தின் முன் செல்லாது. நெருப்பின் முன்னும் செல்லாது.

சட்டம் எங்கே இறுகியது?

2017 ஜூன் 14ஆம் திகதி லண்டன் கிறென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் உயிரிழந்த பின்னர் பிரித்தானியாவின் தீப் பாதுகாப்புச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தப்பட்டு வருகின்றன. இவை உயர்ந்த மாடிக் கட்டடங்களுக்கு மட்டும் உரியவை என்று எம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியல்ல. 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் 156ஆவது பிரிவு, 2023 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ளது. அது தெருமுனைக் கடையையும் தொடுகிறது.

முன்னர் பொதுவாக ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில்தான் தீ அபாய மதிப்பீட்டை எழுத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. கணவனும் மனைவியும் ஓர் உதவியாளருமாக நடத்தும் கடைகள் இதிலிருந்து தப்பின. இப்போது அந்த விலக்கு இல்லை. ஊழியர் எத்தனை பேர் என்றாலும் மதிப்பீடு முழுமையாக எழுத்தில் இருக்க வேண்டும். அதைச் செய்தவர் யார் என்பதும் பதியப்பட வேண்டும். ஒரே கட்டடத்தில் வேறு பொறுப்பாளர்கள் இருந்தால் அவர்களோடு தகவலைப் பகிர வேண்டும். கடையை விட்டுச் செல்பவர் புதிதாக எடுப்பவரிடம் தீப் பாதுகாப்புத் தகவல்களைக் கையளிக்க வேண்டும். கைமாறும் கடைகள் நிறைந்த எமது சமூகத்துக்கு இந்தக் கடைசி விதி மிகவும் முக்கியமானது. சாவியும் சரக்கும் வாங்கும்போது இந்த ஆவணங்களையும் கேட்டு வாங்க வேண்டும்.

அடிப்படைச் சட்டம் 2005ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்புக் கட்டளை. அது தொழில் வழங்குநரையோ, இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரையோ 'பொறுப்பாளர்' என்கிறது. பொருத்தமான தீயணைப்புக் கருவிகளை வைப்பது, அவற்றைப் பராமரிப்பது, ஊழியருக்குப் பயிற்சி அளிப்பது மூன்றும் அவருடைய கடமை. மீறினால் வரம்பற்ற தண்டப்பணம் விதிக்கலாம். பாரதூரமான குற்றங்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. தொண்டர்கள் நடத்தும் ஆலயங்களும் தமிழ்ப் பாடசாலை மண்டபங்களும் இதற்கு விதிவிலக்கல்ல.

பவுடர் ஏன் எங்கும் இருக்கிறது?

காரணம் எளிது. விலை குறைவு, ஒரே உருளை பல நெருப்புகளுக்கு. ஏபிசி பவுடரின் முக்கிய கூறு மொனோ அமோனியம் பொஸ்பேற்று. அது சுவாலையில் நடக்கும் இரசாயனத் தொடரை அறுக்கிறது. மரம், கடதாசி போன்றவற்றின் மேல் உருகிப் படிந்து காற்றைத் தடுக்கிறது. பெற்றோல் போன்ற திரவங்களிலும் எரிவாயுவிலும் பிடித்த நெருப்பை விரைவாக வீழ்த்துகிறது. மின்சாரத்தைக் கடத்தாது. பிசி வகைப் பவுடரில் இருப்பது பெரும்பாலும் எமது சமையலறை அப்பச்சோடாவின் உறவான சோடியம் இருகாபனேற்று அல்லது பொற்றாசியம் இருகாபனேற்று. அது மரத்துக்கும் துணிக்கும் உதவாது.

இன்னொரு கவர்ச்சியும் உண்டு. உருளையின் முகப்பில் '13ஏ' போன்ற ஒரு குறியீடு இருக்கும். எவ்வளவு பெரிய நெருப்பை அது அணைத்துக் காட்டியது என்பதன் அளவு அது. 9 லீற்றர் தண்ணீர் உருளைக்குக் கிடைக்கும் அதே 13ஏ மதிப்பு சில 2 கிலோ பவுடர் உருளைகளுக்கும் கிடைக்கிறது. காகிதத்தில் இரண்டும் சமம். விலையில் பவுடர் மலிவு. விற்பவருக்கும் சுலபம், வாங்குபவருக்கும் திருப்தி.

ஆனால் பூட்டிய அறைக்குள் அதை அழுத்தியவுடன் நடப்பது வேறு. சில விநாடிகளில் வெண்புகை போலப் பவுடர் எங்கும் பரவிக் கண் தெரியாமல் போகும். மூச்சுத் திணறும். வாசலைத் தேட வேண்டிய நேரத்தில் வாசலே மறைந்துவிடும். அதனால்தான் பிரித்தானிய நியமமான பிஎஸ் 5306 இன் 8ஆம் பகுதி, தனியான பாதுகாப்பு மதிப்பீடு இல்லாமல் கட்டடங்களுக்கு உள்ளே பவுடர் தீயணைப்பான்களைத் தெரிவு செய்ய வேண்டாம் என்கிறது. இது 2012 பதிப்பிலிருந்தே உள்ள அறிவுரை. அதோடு, ஈரம் பட்ட பவுடர் உலோகத்தையும் மின்னணுப் பொருட்களையும் அரிக்கும். சிறிய நெருப்பை அணைத்த பின்பு முழுக் கடைச் சரக்கும், குளிர்பெட்டி இயந்திரங்களும் கழிவாகப் போகலாம்.

எங்கே எது பொருந்தும்?

முதலில் எது எரியக்கூடும் என்று பார்க்க வேண்டும். பிறகுதான் உருளை.

பெற்றோல் நிலையத்தின் வெளித்தளத்தில் பவுடர்தான் பொருத்தமானது. திறந்த வெளி, திரவ எரிபொருள், வேகமான சுவாலை ஆகிய மூன்றுக்கும் அது ஈடுகொடுக்கும். இவ்வகை அபாயத்துக்கு உருளை 10 மீற்றர் தூரத்துக்குள் எட்ட வேண்டும். எரிவாயுக் கசிவில் பிடித்த நெருப்பென்றால், வாயுவை நிறுத்தாமல் சுவாலையை மட்டும் அணைப்பது ஆபத்து. கசியும் வாயு தேங்கி வெடிக்கலாம்.

கடையின் உட்பகுதியில் அட்டைப் பெட்டிகளும் அரிசி மூட்டைகளும்தான் அதிகம். அங்கே தண்ணீர், நுரை அல்லது நுண்தூவல் உருளைகள் பொருந்தும். மின்பலகைக்கும் குளிர்பெட்டிகளுக்கும் அருகே கறுப்புப் பட்டை கொண்ட காபனீரொட்சைட்டு உருளை வேண்டும். நுரை உருளை பழையதாக இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பிஎஃப்ஓஏ என்ற நிலைத்துநிற்கும் இரசாயனம் அடங்கிய தீயணைப்பு நுரையைப் பயன்படுத்த 2025 ஜூலை 4 முதல் பிரித்தானியாவில் தடை. புதிதாக வாங்குவோர் புளோரின் இல்லாத நுரையைக் கேட்டு வாங்குவதே நல்லது.

சமையலறைதான் எமக்கு மிகப் பெரிய ஆபத்து. வடை, ரோல்ஸ், மிக்சர் பொரிக்கும் தாச்சியில் எண்ணெய் 300 பாகை சென்ரிகிரேட்டைத் தாண்டித் தானாகப் பற்றினால், பவுடர் சுவாலையை ஒரு கணம் அடக்கலாம். எண்ணெயைக் குளிர்விக்காது. மறுபடி பற்றிக்கொள்ளும். வேகமாக வரும் பவுடர் எண்ணெயையே சிதறடிக்கவும் கூடும். தண்ணீர் ஊற்றினால் அது நொடியில் 1,700 மடங்கு ஆவியாக விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும். இதற்கென்றே இருப்பது மஞ்சள் பட்டை கொண்ட ஈர இரசாயன உருளை. அது சூடான எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரம் போன்ற படையை உண்டாக்கிக் குளிர்விக்கிறது. அன்னதானம் சமைக்கும் ஆலய மடைப்பள்ளிக்கும் இதே விதிதான்.

புதிய ஆபத்து லித்தியம் பட்டரி. உணவு விநியோகிக்கும் இளைஞர்கள் இ-பைக்கின் பட்டரியை உணவகத்தின் பின்னறையில் மின்னேற்றுவது இப்போது சாதாரணம். 2023இல் இ-பைக், இ-ஸ்கூட்டர் நெருப்புகளுக்காக லண்டன் தீயணைப்புப் படை சராசரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை அழைக்கப்பட்டது. பட்டரியின் உள்ளே வெப்பம் தானே பெருகுவதால் பவுடர் அதை நிறுத்தாது. வெளியேறும் வாயுவும் நச்சு. இங்கே செய்ய வேண்டியது அணைக்க முயல்வதல்ல; கதவை மூடி, எல்லோரையும் வெளியேற்றி, 999ஐ அழைப்பதே. வெளியேறும் வழியில் மின்னேற்றவே கூடாது.

எத்தனை உருளைகள்? பொதுக் கணக்கு இது: தளத்தின் சதுர மீற்றரை 0.065ஆல் பெருக்கினால் தேவையான 'ஏ' மதிப்பு வரும். ஆனால் ஒரு தளத்துக்குக் குறைந்தது இரண்டு உருளைகள், சேர்த்து 26ஏ. 200 சதுர மீற்றர் கடைக்குக் கணக்கில் 13ஏ வந்தாலும் 26ஏ வைக்க வேண்டும். 600 சதுர மீற்றருக்கு 39ஏ, அதாவது மூன்று 13ஏ உருளைகள். எந்த இடத்திலிருந்தும் 30 மீற்றருக்குள் ஒன்று எட்ட வேண்டும்.

கனடாவில் உள்ள உறவுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே எழுத்துகளின் பொருள் வேறு. ஐரோப்பாவில் 'சி' என்றால் எரிவாயு. வட அமெரிக்காவில் 'சி' என்றால் மின்சாரம். சமையல் எண்ணெய்க்கு இங்கே 'எஃப்', அங்கே 'கே'. லண்டனில் உள்ள மைத்துனர் சொன்னதை வைத்து ஸ்காபரோவில் உருளை வாங்கக் கூடாது.

வாங்கிய பின்பு

தீயணைப்பான் ஆண்டுக்கணக்கில் சும்மா நிற்கும், ஒரு நாள் பத்துப் பதினைந்து விநாடிக்கு வேலை செய்ய வேண்டும். அந்த விநாடிகளுக்காகத்தான் பராமரிப்பு. மாதம் ஒருமுறை பொறுப்பாளரே பார்க்க வேண்டியவை: உருளை தன் இடத்தில் இருக்கிறதா, அரிசி மூட்டை அதை மறைக்கிறதா, பாதுகாப்பு ஊசியும் முத்திரையும் உள்ளனவா, முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, குழாயில் வெடிப்போ உடலில் துருவோ உண்டா. காபனீரொட்சைட்டு உருளையில் முள் இருக்காது. அதன் எடைதான் சொல்லும். பார்த்த திகதியை ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ள தொழில்நுட்பவியலாளர் சோதிக்க வேண்டும். பவுடர், தண்ணீர், நுரை, ஈர இரசாயன உருளைகளை 5 ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக வெளியேற்றிச் சோதித்து மீள நிரப்ப வேண்டும்; காபனீரொட்சைட்டுக்கு அந்தக் காலம் 10 ஆண்டு. சிறிய பவுடர் உருளைக்கு இந்தச் செலவை விடப் புதியது மலிவாக இருக்கலாம். ஈரமும் தொடர்ந்த அதிர்வும் பவுடரை இறுகச் செய்யும் என்பதால், விநியோக வானில் வைத்திருப்பதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். ஒரு நொடி அழுத்திப் பார்த்த உருளையும் பாவித்த உருளைதான். வால்வில் பவுடர் துகள் சிக்கி அழுத்தம் மெல்ல வெளியேறிவிடும். அதைத் திரும்பச் சுவரில் மாட்டக்கூடாது.

சோதிக்க வருபவர் யார் என்பதையும் கேளுங்கள். பிஏஎஃப்இ அமைப்பின் எஸ்பி101 திட்டத்தில் பதிவுள்ள நிறுவனமா என்று பார்ப்பது நல்ல தொடக்கம். சோதனைக்கு வரும் தீயணைப்பு அதிகாரி உருளை விற்பவர் அல்லர். "உடனே வாங்காவிட்டால் கடையை மூடுவார்கள்" என்று அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் எழுத்து மூலமான விலைப்பட்டியலைக் கேட்டு, அபாய மதிப்பீட்டோடு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள்.

யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

முதலாளிக்குத் தெரிந்திருப்பது போதாது. நெருப்புப் பிடிக்கும் நேரத்தில் கடையில் நிற்பவர் பெரும்பாலும் வார இறுதியில் வேலை செய்யும் மாணவராகவோ, அண்மையில் வந்து ஆங்கிலம் பழகிக்கொண்டிருக்கும் ஒருவராகவோதான் இருப்பார். வேலைக்குச் சேரும்போதே பயிற்சி அளிக்க வேண்டும் என்பது சட்டம். எந்த மொழியில் விளங்குமோ அந்த மொழியில் அளிக்க வேண்டும் என்பது பொது அறிவு. குப்பைக் கூடையை விடப் பெரிய நெருப்பென்றால் தொடாதே. முதுகு வாசலுக்கு இருக்கட்டும். ஒரு உருளையில் அணையாவிட்டால் வெளியேறு. இந்த மூன்றையும் தமிழில் எழுதி உருளைக்கு மேலே ஒட்ட ஐந்து நிமிடம் போதும்.

எமது கடைகளில் பலவற்றுக்கு மேலே குடியிருப்புகள் இருக்கின்றன. கீழே எரியும் ஒரு தாச்சி, மேலே தூங்கும் குழந்தையின் அறைக்குப் புகையாகப் போகும். ஊரில் எல்லாம் இழந்து வந்து, இருபது முப்பது ஆண்டு உழைப்பில் எழுப்பிய நிலையங்கள் இவை. வர்த்தகச் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் ஆண்டுக்கு ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கி, தகுதியுள்ள ஒருவரை அழைத்துத் தமிழில் விளக்கம் தரச் செய்யலாம். அதுவரை, அடுத்த முறை கடை திறக்கும்போது அந்த உருளையின் பட்டை என்ன நிறம், கடைசியாகச் சோதித்த திகதி எது என்று பார்த்துவிடுங்கள்.