தக்காளித் தண்டில் வெள்ளை முண்டுகள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மாத்தளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலே பசுமை பொங்கும். கூடவே, “இது என்ன, அது என்ன?” என்னும் கேள்விகளும் முளைக்கும். சில தினங்களுக்கு முன்னர் அடுத்த வீட்டு அம்மா வேலியருகே நின்று என்னை அழைத்தார்.

“தம்பி, இந்தத் தக்காளிக்கு என்ன வந்துவிட்டது என்று கொஞ்சம் பாருங்கள். தண்டெல்லாம் கொப்புளம் போட்டிருக்கிறது. ஐந்தையும் பிடுங்கி எறிந்துவிடட்டுமா?”

சென்று பார்த்தேன். செடிகளின் அடித்தண்டிலே, மண்ணிலிருந்து ஒரு சாண் உயரம் வரை, கடுகளவான வெண்முண்டுகள் நெருக்கமாகப் புடைத்திருந்தன. சில, அரிசி மணி போலச் சற்று நீண்டும் இருந்தன. ஆயினும், நான்கு செடிகளில் இலைகள் நிமிர்ந்து நின்றன. பூவும் பிஞ்சும் குறைவின்றி இருந்தன.

“பிடுங்க வேண்டாம் அம்மா. இவை கொப்புளங்கள் அல்ல, வேர்கள்” என்றேன்.

“வேர் மண்ணுக்குள் அல்லவா இருக்கும்?” என்றார் அவர்.

நியாயமான கேள்வியே. தக்காளியின் தாயகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்புறம். கம்பு நட்டுக் கட்டாவிட்டால் அது தரையில் படர்ந்து, தண்டு மண்ணைத் தொடுமிடத்தில் வேரூன்றிக்கொள்ளும். அதற்கான வேர் முனைகள் தண்டின் தோலுக்கடியிலே உறங்கிக் கிடக்கின்றன. இவற்றையே வேற்றிட வேர்கள் என்பர். மழை நீர் தேங்கி மண்ணிலே காற்று குறைந்தால், உள்ளிருக்கும் வேர்களுக்கு ஒட்சிசன் போதாமற் போகிறது. அப்பொழுது செடியிலே எதிலீன் என்னும் வாயு மிகுந்து, உறங்கும் முனைகளைத் தட்டி எழுப்புகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதும் இதற்குத் துணை செய்யும்.

ஆகவே, செடி செழிப்பாயிருக்கும்போது முண்டுகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நீர் வடியச் சிறு வாய்க்கால் வெட்டி, முண்டுகள் மறையும்படி தண்டைச் சுற்றி மண் அணைத்துவிட்டாற் போதும். அவை உண்மை வேர்களாகிச் செடிக்கு வலுவூட்டும்.

ஆனால் ஐந்தாவது செடி என் கண்ணை உறுத்தியது. சரிவின் கீழ்க்கோடியில் நின்ற அதன் தண்டிலும் அதே முண்டுகள். இலைகளோ பச்சை மாறாமலே தொங்கிக் கிடந்தன. “மத்தியானத்தில் வாடும், இரவிலே தெளியும். இன்று காலையில் தெளியவில்லை” என்றார் அம்மா. இது வேறு கதை. பற்றீரியா வாடல் நோய் கண்ட செடியிலும் இம்முண்டுகள் தோன்றுவதுண்டு. நீர் ஏறும் வழி அடைபடுவதால், செடி புது வேர் விட்டுத் தப்ப முயல்கிறது போலும். இக்கிருமியை 1896 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எர்வின் சிமித் விவரித்து எழுதினார்.

இரண்டையும் பிரித்தறியச் சமையலறைக் கண்ணாடிக் குவளை ஒன்றே போதும். வாடிய செடியின் அடித்தண்டில் மூன்றங்குலத் துண்டை வெட்டுங்கள். உட்புறம் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னர், வெட்டுமுனை மாத்திரம் நனையும்படி தெளிந்த நீரிலே அசையாமற் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெள்ளிழைகள் கீழ்நோக்கி இறங்குமாயின், நோய் அதுவே.

நாங்களும் அவ்வாறே செய்தோம். இழை இறங்கிற்று. அம்மாவின் முகம் வாடியது. “நாலு காய் பழுக்கும் பருவத்தில் நிற்கின்றனவே!” என்றார். காய்களைப் பறித்துச் சமைக்கலாம். இக்கிருமி மனிதரைத் தாக்குவதில்லை. செடியை மட்டும் விட்டுவைத்தல் ஆகாது. இதற்கு மருந்தடித்துச் செடியைக் காப்பாற்றும் வழி இல்லை. கிருமியோ மண்ணிலே ஆண்டுக்கணக்கில் தங்கும். ஓடும் நீரிலும் மண்வெட்டியிலும் பரவும். எனவே வேரோடும் வேரடி மண்ணோடும் அகழ்ந்தெடுத்து எரித்தோம். கூட்டெருக் குழியில் இடவில்லை. மண்வெட்டியையும் கத்தியையும் கழுவிக் காயவைத்தோம். அந்த இடத்தில் சில ஆண்டுகளுக்குத் தக்காளியோடு அதன் இனமாகிய கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதையும் நடாமல், சோளமோ பயற்றையோ போடுவது நலம். நோயுற்றது கீழ்க்கோடிச் செடியாயிருந்தது நல்லதாயிற்று. அதனடியில் ஓடிய நீர் மற்றவற்றை அணுகவில்லை.

ஐயம் தீராதவர்கள் அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு சிறு சோதனை: நலமான தக்காளிச் செடியின் பக்கக் கிளையொன்றைக் கிள்ளி, நீருள்ள போத்தலில் நிறுத்துங்கள். ஏறக்குறைய பத்து நாட்களில் அதே வெண்முண்டுகள் வேராகி நீள்வதைக் கண்ணாரக் காணலாம்.

நான்கு செடிகளுக்கும் அன்று மாலையே மண் அணைத்தார் அம்மா. ஐந்தையும் பிடுங்கியிருந்தால் நான்கு வீண். ஒன்றையும் பிடுங்காதிருந்தால் தோட்டமே வீண். முண்டைப் பார்த்து முடிவு செய்யாமல், இலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.