கரண்ட் வைத்தால் பேச்சு வந்துவிடுமா?



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம் ஆச்சு. நாம சொல்றது புரியுது, பேச்சுதான் வரல. தலையில லேசா கரண்ட் வச்சா பேச்சு வருமாம். பேச்சுப் பயிற்சியை நிறுத்திட்டு அந்தப் பணத்தை இதுக்குப் போடலாமா?"

நிறுத்தாதே என்றேன். நான் டாக்டர் இல்லை. என் அண்ணனுக்கு இதே நிலை வந்ததால் படித்துத் தெரிந்துகொண்டவன்.

இது ஷாக் வைத்தியம் இல்லை. தலையில் ஈரப் பஞ்சு வைத்து 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை 20 நிமிடம் போலச் செலுத்துவார்கள். அது தானாகப் பேச்சைக் கொண்டுவராது. பயிற்சி மூளையில் நன்றாகப் பதிய உதவுவதுதான் நோக்கம்.

2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 74 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் 15 முறை பேச்சுப் பயிற்சி. ஒரு பகுதியினருக்கு நிஜ மின்சாரம், மற்றவர்களுக்குப் பெயருக்கு. படம் பார்த்துப் பெயர் சொல்வதில் முதல் பிரிவினர் சராசரியாகச் சுமார் 14 சொற்கள் முன்னேறினார்கள், மற்றவர்கள் சுமார் 8. இது முடிந்த முடிவல்ல, பெரிய ஆய்வுகள் வேண்டும். ஆனால் அந்த 8ஐக் கவனியுங்கள். அது நிஜ மின்சாரம் இல்லாமல், பயிற்சியோடு மட்டும் வந்தது.

அண்ணனை வீட்டுக்கு அனுப்பியபோது கை கால் பயிற்சி எழுதிக் கொடுத்தார்கள். பேச்சுக்கும் பயிற்சி உண்டு என்று யாரும் சொல்லவில்லை. எட்டு மாதம் வீணானது.

என் தவறும் உண்டு. அவர் "த... த..." என்று தொடங்கினால், "தண்ணியா?" என்று நானே முடித்துவிடுவேன். ஒருநாள் கோபத்தில் கட்டிலைத் தட்டினார். பிறகுதான் புரிந்தது, அவர் "தம்பி" என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார். வகுப்பில் திக்கித் திக்கிப் பதில் சொன்ன பிள்ளைகளுக்கெல்லாம் காத்திருந்தவன், கூடப்பிறந்தவருக்குக் காத்திருக்கவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். வசதி இருந்தால் நரம்பியல் மருத்துவரைக் கேட்டு இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். வலிப்பு வந்திருந்தாலோ தலைக்குள் உலோகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், பேச்சுப் பயிற்சிக்கே கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. அவர் வாய் திறந்தால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பேச்சு போனவருக்குப் புத்தி போய்விடவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்